மலையக நீர்நிலைகளும் பொதுநிதியும்: ஒரு வரலாற்று நோக்கு

மத்திய மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை ஆகிய பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மலைகளின் நீருக்கும் ஒரு வரலாறு உண்டு. நீர்நிலைகளை ஆக்குவதற்கும் பேணுவதற்கும் பொதுப்பணம் எவர் பொருட்டுச் செலவிடப்பட்டது, அச்செலவில் எவருக்குப் பங்கு மறுக்கப்பட்டது என்று நோக்குமிடத்து, இன்று மலையக ஏரிகள் மாசுற்றிருப்பதன் காரணமும் ஓரளவு தெளிவாகின்றது.

நுவரெலியாவின் கிறகரி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், பிதுருதலாகலை மலைப்புறத்திலிருந்து இறங்கும் ஓடையை மறித்துச் சதுப்பு நிலமொன்று ஏரியாக்கப்பட்டது. குளிர்வாசம் நாடி வந்த ஆங்கிலேயரின் பொழுதுபோக்குக்கு அது உதவிற்று. பின்னர், 1913இல், ஏரிநீர் சுரங்கவழியே பிளக்பூல் மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அதே 1873இல் அதே தேசாதிபதி வடமத்திய மாகாணத்தை உருவாக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அங்கே சிதைந்து கிடந்த கிராமக் குளங்களைத் திருத்துவதில் ஓர் ஒழுங்கு பின்பற்றப்பட்டது. கிராமத்தவர் தம் உழைப்பால் அணைக்கட்டை உயர்த்துவர். அரசு மதகை அமைத்துக் கொடுக்கும். குடியேற்ற ஆட்சியின் வரி நோக்கம் இதன் பின்னால் இருந்ததெனினும், நீரைப் பயன்படுத்துவோரே அதனைப் பேணும் பணியில் பங்காளராயினர். மலைநாட்டுத் தோட்டங்களில் இத்தகைய பங்காண்மை எக்காலத்திலும் உருவாகவில்லை.

தோட்டங்களின் தோற்றமே ஓடைகளைப் பாதித்தது. 1830கள் தொடக்கம் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. தாவரவியலறிஞர் ஹூக்கரின் ஆலோசனையையடுத்து 1873இல் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்க முடிவு செய்யப்பட்டபோது, அதற்குக் கீழுள்ள சரிவுகள் பெரிதும் வெறுமையாகிவிட்டிருந்தன. கோப்பி நோயால் அழிந்தபின் வந்த தேயிலைச் செய்கையில் புல்பூண்டு எதுவுமின்றிக் களையெடுக்கும் முறை நிலவியது. மழை மேல்மண்ணை ஓடைக்குள் கொண்டுசென்றது. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே இயற்றப்பட்டது.

அந்த ஓடைகளின் கரையிலேதான் தொழிலாளர் வாழ்ந்தனர். பீலித் தண்ணீரே அவர்களுக்குக் குடிநீர். அதே நீரிலே குளிப்பும் துவைப்பும். மலசலகூட வசதி போதாத லயங்களின் கழிவும் மழையோடு கீழிறங்கி அடுத்த தோட்டத்தின் பீலியை அடைந்தது. இதனை மாற்றக்கூடிய உள்ளூராட்சி அமைப்புகளோ தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டன. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளின் வாக்குரிமை தோட்டத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபை நிதியைக் கிராமங்களின் நலனுக்கே உரியதாகக் கருதியமையால், தோட்டங்களுக்குள் அந்நிதியைச் செலவிட இயலவில்லை. வாக்குரிமை மீண்டபின்னரும், தாம் தெரிவுசெய்த சபையைக்கொண்டு ஒரு கிணற்றையேனும் கட்டிக்கொள்ள முடியாத நிலையில் அம்மக்கள் இருந்தனர். 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது.

இதற்கிடையில் ஓடைகளின் கீழ்ப்புறத்தில் பெரும்பணம் செலவிடப்பட்டது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இலும், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இலும் நிறைவெய்தின. 2010களில் கிறகரி ஏரிக்கரையும் உல்லாசப் பயணிகளுக்காக அழகுபடுத்தப்பட்டது. இவை நாட்டுக்கு வேண்டாதவை எனல் பொருந்தாது. எனினும் ஏரி என்பது தன் நீரேந்து பரப்பு அனுப்புவதை ஏற்கும் கலமேயாகும். நகரக் கழிவும், மரக்கறித் தோட்டங்களில் அளவின்றி இடப்படும் உரமும் நைதரசனையும் பொசுபரசையும் நீரில் சேர்க்கின்றன. அவற்றால் பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகின்றது. வண்டலை அகழ்ந்தெடுத்தாலும், மேற்சரிவு மாறாதவரை அடுத்த மழையோடு அது திரும்பிவரும்.

ஆகவே நிதி ஏரிக்கரையிலிருந்து ஓடைக்கரைக்கு ஏறிச்செல்லுதல் வேண்டும். லயங்களுக்கு முறையான மலசலகூடமும் கழிவுக்குழியும், தேயிலைச் சரிவில் ஒழுங்காக வெட்டப்பட்ட கான்களும் வண்டல் குழிகளும், ஓடையின் இருமருங்கும் மரங்களும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகச் சிறு மானியம் வழங்கும் சர்வதேசத் திட்டங்களும் உள்ளன. ஆயினும் மானியம் மட்டும் போதாது. தோட்ட நிருவாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. ஓடைக்கரையில் வாழ்வோரிற் பெரும்பாலோருக்கு அக்கரை நிலத்தில் உரிமையில்லை. தமக்குரிய மண்ணில் மரம் நட்டவர் அதனைக் காப்பர். பிறர் நிலத்தில் நட்டதை நாளை எவரும் வெட்டலாம்.

வடமத்திய மாகாணத்துக் கிராமத்தவரின் உழைப்புக்குப் பொருள் தந்தது, அக்குளநீர் தம் வயலுக்கே பாயும் என்ற உறுதியாகும். 2018ஆம் ஆண்டின் திருத்தம் பிரதேச சபைகளுக்குத் தோட்டத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. அவ்வுறுதியை மலையகத் தொழிலாளருக்கும் அளிப்பதே அடுத்த பணியாகும். அதன் பயன் அவர்களோடு நிற்பதன்று. மகாவலியும், கொழும்பு அருந்தும் களனி கங்கையும் அம்மலைச் சரிவுகளிலேயே தொடங்குகின்றன.