மூன்று வாரமும் முப்பத்தோர் ஆண்டும்

புதுத்தொழில் தொடங்குவோர் அன்றும் இன்றும் இரண்டு இடர்களை எதிர்கொள்கின்றனர். ஒன்று, தொழிலை நிறுவவும் வளர்க்கவும் வேண்டிய முதல். மற்றொன்று, அதனை நடத்தவல்ல திறனாளர். இக்காலத்தில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் பெயரில் இளைஞர் தொடங்கும் நிறுவனங்களைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் முதலீட்டைப் பற்றியதாகவே அமைகிறது. ஆயின், இவ்விரண்டனுள் அரிது எது? ஒரு நூற்றாண்டுக்கு முன் தோன்றிய ஜம்ஷெட்பூர் எஃகாலையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

பொருள் வந்த வழி

குஜராத்தின் நவ்சாரியில் 1839-இல் பிறந்த ஜம்ஷெட்ஜி டாடா, பருத்தி ஆலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். இந்திய மண்ணில் எஃகு உருக்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் கனவு. 1902-இல் அமெரிக்கா சென்று, சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியியல் அறிஞரைத் தம் முயற்சிக்குத் துணையாக்கிக்கொண்டார். கனவு நனவாகுமுன், 1904-இல் ஜெர்மனியில் உயிர் நீத்தார். அவர் மைந்தர் தொராப்ஜி அப்பணியைத் தொடர்ந்தார். மயூர்பஞ்சு அரசின் எல்லையில் சிறந்த இரும்புத்தாது உண்டு என்பதை நிலவியல் அறிஞர் பி. என். போஸ் 1904-இல் மடல் வாயிலாக அறிவித்தமை தேடலுக்கு வழிகாட்டியது.

தாது கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. முதலில் நாடிய இடம் லண்டன் பணச்சந்தை. அங்கே பணத்தட்டுப்பாடு நிலவியதோடு, பொருள் தருவோர் ஆலையின் ஆட்சியையும் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பினர். முயற்சி பயன் தரவில்லை. அதன்பின் டாடா நிறுவனத்தார் தம் நாட்டு மக்களையே நாடினர். வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி உணர்வு பொங்கியெழுந்த காலம் அது. 1907-இல் பங்கு விற்பனை அறிவிப்பு வெளிவந்ததும், பம்பாய் அலுவலகத்தின் முன் காலை முதல் இரவு வரை மக்கள் திரண்டனர். செல்வரும் எளியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். மூன்றே வாரத்தில் ஏறத்தாழ 8,000 இந்தியர் பங்கு வாங்கினர். 2 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட முதல் சேர்ந்தது. பின்னர் நடைமுறைச் செலவுக்கென வெளியிட்ட 4 லட்சம் பவுன் கடன் பத்திரங்கள் அனைத்தையும் குவாலியர் மன்னர் சிந்தியா ஒருவரே ஏற்றுக்கொண்டார்.

திறனாளர் வந்த வழி

சுவர்ணரேகை, கர்காய் ஆறுகள் கூடும் இடத்தருகே சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1911 டிசம்பரில் முதல் இரும்பும், 1912 பிப்ரவரியில் முதல் எஃகும் வார்க்கப்பட்டன. முதல் முழுவதும் இந்தியர் தந்தது. ஆயின் ஊதுலைகளை அமெரிக்கரும், எஃகு உலைகளை ஜெர்மானியரும், உருட்டாலையை ஆங்கிலேயரும் இயக்கினர். பணியின் கடினப்பகுதியைச் சுமந்தவர் சந்தால் முதலிய மண்ணின் மக்கள்; மேற்பார்வை அயல்நாட்டாருடையது.

இதற்குக் காரணம் உண்டு. உலையின் வெப்பத்தை அனலின் நிறம் கண்டு உணர்தல், உருகிய எஃகை எக்கணத்தில் வெளியேற்றுவது எனத் தெளிதல் ஆகியவை நூலறிவால் மட்டும் வருவன அல்ல. உலையின் அருகே பல்லாண்டு நின்றவர்க்கே அமைவன. அத்தகையோர் அன்று இந்தியாவில் இல்லை. ஆதலின் ஒப்பந்தம் எழுதி, கப்பற்பயணச் செலவும் வீடும் உயர்ந்த ஊதியமும் தந்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. இம்முறையில் செலவு மிகுதி, உறுதியோ குறைவு. 1914-இல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர் விலக நேர்ந்தது. அவர் இடத்தை நிரப்புதல் பெருந்தொல்லையாயிற்று. அயல்நாட்டார் ஊதியத்திற்கும் இந்தியர் ஊதியத்திற்கும் இடையிலிருந்த வேறுபாடு மனக்கசப்பையும் வளர்த்தது. 1920-இல் ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

வளர்ச்சியின் விலை

போர்க்காலத்தில் மெசபொத்தேமியாவுக்கு 1,500 மைல் நீளத் தண்டவாளம் இங்கிருந்து சென்றது. தேவை பெருகவே, ஆலையைப் பன்மடங்கு விரிவாக்கத் திட்டமிட்டனர். போருக்குப்பின் பொறிகளின் விலை ஏறிற்று. ஐரோப்பிய எஃகு மலிந்த விலையில் வந்து குவிந்தது. 1924-இல் தொழிலாளர்க்கு ஊதியம் கொடுக்கவும் பணமில்லாத நிலை வந்தது. அந்நாளில் தொராப்ஜி டாடா தம் சொத்து முழுவதையும், துணைவியார் மெஹர்பாய் அணிந்த புகழ்பெற்ற ஜூபிலி வைரம் உட்பட, இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்து 1 கோடி ரூபாய் கடன் பெற்றார். அவ்வாண்டிலேயே அரசு எஃகுத் தொழிலுக்குக் காப்புச் சட்டம் இயற்றியது. ஆலை பிழைத்தது.

இந்நெருக்கடிக்கு மூன்றாண்டு முன்பே, 1921-இல், ஆலையின் அருகே ஒரு தொழில்நுட்பப் பயிலகம் தோன்றியிருந்தது என்பது கருதத்தக்கது. இந்திய இளைஞர் அங்கே வகுப்பறையில் கற்றனர். உலையின் முன்னும் நின்று பழகினர். அயல்நாட்டார் ஒப்பந்தம் முடிந்து திரும்பிய இடங்களில் பயிற்சி பெற்ற இந்தியர் படிப்படியாக அமர்ந்தனர். ஆயினும் தலைமைப் பதவி உடனே வரவில்லை. தொடக்கம் முதல் பொதுமேலாளர் பொறுப்பில் அமெரிக்கரே வீற்றிருந்தனர். 1938-இல்தான் ஜே. ஜே. காண்டி என்னும் இந்தியர் முதன்முறையாக அப்பொறுப்பை ஏற்றார்.

ஆலைக்குரிய முதல் திரள மூன்று வாரம் போதுமானதாயிற்று. அவ்வாலையை இந்தியர் ஒருவர் தலைமையேற்று நடத்த, நிறுவனம் பிறந்த நாளிலிருந்து முப்பத்தோர் ஆண்டு தேவைப்பட்டது. நம்பிக்கை இருப்பின் பொருள் விரைந்து வரும்; திறனோ விதைத்து, நீர் வார்த்து, காத்திருந்து பெறவேண்டிய விளைச்சல்.

ஜம்ஷெட்ஜி இதனை முன்னரே உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆலை நிறுவனம் தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 1892-இல், இந்திய மாணவர் கடல்கடந்து உயர்கல்வி பெறக் கல்விக்கடன் வழங்கும் அறக்கட்டளையை அவர் நிறுவினார். கடன் திரும்பி வர வர, அடுத்த மாணவருக்கு அதுவே உதவிற்று. பெங்களூரில் 1909-இல் உருவான இந்திய அறிவியல் கழகமும் அவர் வழங்கிய கொடையின் பயனே. உலைக்கு வேண்டிய முதலைத் தேடுமுன், உலையின் முன் நிற்க வேண்டிய அறிவைத் தேடியவர் அவர். 1919-இல் சாக்சி என்னும் சிற்றூர் ஜம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது. அவ்வூரின் பெயரில் ஓர் ஆலை முதலாளி மட்டுமல்லர், மாணவரின் எதிர்காலத்துக்கு முதலிட்ட ஒருவரும் வாழ்கிறார்.