ஆங்கிலப் பத்தி வந்த வழி

ஆங்கிலத் தேர்வில் 'பின்வரும் பொருள் பற்றி ஒரு பத்தி எழுதுக' என்ற வினாவைக் கண்டதும் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. பிழையின்றிப் பத்து வாக்கியம் எழுத வல்லவர்கூட, அந்தப் பத்தும் சேர்ந்து ஒரு பத்தியாயிற்றா என்று கேட்டால் விழிக்கிறார். பத்தி என்பது யாது? அதற்கு விதி வகுத்தவர் யார்? எவருக்காக வகுத்தார்? இவ்வரலாறு தெரிந்தால், தேர்வு நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதும் தெரியும்.

தொடக்கத்தில் பத்தி என்பது வெறும் கோடுதான். பண்டைக் கிரேக்கர் சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதினர். பேசுபவரோ பொருளோ மாறும் இடத்தில், வரித் தொடக்கத்தின் கீழே ஒரு சிறு கோடு இழுத்தனர். 'பக்கத்தில் எழுதியது' என்னும் பொருளில் அதற்குப் 'பாராகிராஃபோஸ்' என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவில் எழுத்தர்கள் கோட்டுக்குப் பதிலாக வண்ண மையால் ஒரு குறியை இட்டனர். அச்சு வந்தபின் அக்குறி மெல்ல மறைந்தது. முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்கும் வழக்கம் நிலைத்தது. ஆகவே பல நூற்றாண்டுகள் வரை பத்தி கண்ணுக்கு உதவும் அடையாளமாகவே இருந்தது. கருத்துக்குரிய இலக்கணம் அதற்கு இல்லை.

அந்த இலக்கணத்தை முறையாக வகுத்துத் தந்தவர் அலெக்ஸாண்டர் பெயின் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1818-ஆம் ஆண்டில் அபர்டீன் நகரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பதினோராம் வயதில் பள்ளியை விட்டுத் தறியில் அமர்ந்தார். ஓய்வு நேரத்தில் தாமே படித்துக் கல்லூரி புகுந்தார்; 1860-இல் அபர்டீன் பல்கலைக் கழகத்தில் தருக்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற இளைஞர் பலர் வீட்டில் ஸ்காட்ஸ் மொழி பேசி வளர்ந்தவர்கள். நூல்களில் வழங்கும் ஆங்கிலம் அவர்களுக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய மொழி. பிறப்பினால் வாராத நடையை விதியினால் பயிற்ற வேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்து பிறந்ததே 1866-இல் அவர் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை நூல்.

அதில் பத்திக்கு ஆறு விதிகள் கூறினார். பத்தியின் தொடக்கம் பொருளைச் சுட்ட வேண்டும். பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக, ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முந்திய வாக்கியத்தோடு கொண்ட உறவு ஐயமின்றி விளங்க வேண்டும். இதுவே இயைபு. உறவைக் காட்ட இணைப்புச் சொற்கள் உதவும் என்ற பெயின், முன்னதை விளக்கும் வாக்கியத்துக்கும் அதையே திருப்பிச் சொல்லும் வாக்கியத்துக்கும் அவை தேவையில்லை என்றும் சொன்னார். உறவு கருத்தில் இருக்கிறது. சொல் அதற்கு அடையாளமே.

பின்னர் தேர்வுகள் வந்தன. அமெரிக்காவில் ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. அங்கே ஆசிரியராயிருந்த பாரெட் வெண்டல் 1891-இல் வெளியிட்ட நூலில் ஒருமை, அமைப்பு, இயைபு என்னும் மூன்றையும் எழுத்தின் அடிப்படையாக்கினார். பிறநாட்டாருக்கென்று கேம்பிரிட்ஜ் 1913-இல் நடத்திய முதல் ஆங்கிலத் தேர்வை எழுதியோர் மூவர். தேறியோர் ஒருவரும் இலர்! இன்று உலகெங்கும் எழுதப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு 1989-இல் தொடங்கியது. அதில் எழுத்தை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று இயைபும் பிணைப்பும்.

இங்கேதான் ஓர் இடர் நேர்ந்தது. தறியிலிருந்து வந்த ஒருவர் கைகொடுக்க வகுத்த விதி, நாளடைவில் மனப்பாட அச்சாயிற்று. நான் திருத்திய விடைத்தாள்களில் 'மோரோவர்', 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகியவை வரிசை தவறாமல் வரும். கருத்து மட்டும் வாராது. தமிழிலேயே காட்டுகிறேன். 'எங்கள் ஏரி பெரியது. மேலும், சென்ற ஆண்டு மழை குறைவு. ஆகையால் ஏரியில் மீன் உண்டு.' இணைப்புச் சொல் இரண்டு இருந்தும் இது பத்தியன்று. 'எங்கள் ஏரி சென்ற கோடையில் வற்றியது. அதன் வரத்துக் கால்வாய் மூன்றாண்டுகளாகத் தூர்வாரப்படவில்லை. பெய்த மழைநீர் வயல்களில் பரவி வீணாயிற்று.' இதில் இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் முதல் வாக்கியத்துக்கு இரண்டாவது காரணம். இரண்டாவதன் விளைவு மூன்றாவது. எந்த மொழியில் எழுதினாலும் இது பத்தியே.

தேர்வாளரும் இதனை அறிவர். இணைப்புச் சொற்களை இயந்திரம்போல் அடுக்கினால் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மதிப்பெண் குறையும். மிகச் சிறந்த விடையில் பிணைப்பு கண்ணை உறுத்தாது. தலைப்பு வாக்கியம் முதலில்தான் நிற்க வேண்டும் என்பதும் மாறாச் சட்டமன்று. ரிச்சர்டு பிராடாக் என்னும் அமெரிக்க அறிஞர் தம் நாட்டு இதழ்க் கட்டுரைகள் 25-ஐ ஆராய்ந்து 1974-இல் முடிவை வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் பத்திகளே தலைப்பு வாக்கியத்தோடு தொடங்கின. ஆனால் பயில்வோர்க்கு அவ்விதி நல்ல ஊன்றுகோல். நடை உறுதிப்பட்ட பின் விட்டுவிடலாம்.

மாணவர்களே, இயைபுபடச் சிந்திக்க நீங்கள் ஆங்கிலத்திலிருந்து கற்க வேண்டியதில்லை. பேருந்து ஏன் தாமதமாயிற்று என்று தாயாரிடம் சொல்லும்போதே காரணமும் விளைவும் முறையாக வருகின்றன. தேர்வில் எழுதுமுன் உங்கள் கருத்தை ஒரே வாக்கியமாக மனத்தில் நிறுத்துங்கள். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் நோக்கி, 'முந்தியதற்கு நீ என்ன உறவு?' என்று கேளுங்கள். விடை சொல்லும் வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். விழிக்கும் வாக்கியத்தை, அது எத்துணை அழகாயிருப்பினும், அடித்துவிடுங்கள்.