பேரேட்டில் தருமத்துக்கு ஒரு பக்கம்

பொருளீட்டுதல் திறமையைக் காட்டும். அதனைச் செலவிடும் முறையே பண்பாட்டைக் காட்டும். ஆதலால் ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் கணக்கேடுகளிலும் நாம் தேடுதல் தகும்.

ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வேபர், புரட்டஸ்தாந்தரின் உழைப்பும் சிக்கனமும் மேனாட்டு முதலாளித்துவத்துக்கு ஊக்கமளித்தன என்று 1904, 1905ஆம் ஆண்டுகளிலே எழுதினார். இந்து சமயத்தில் அத்தகைய ஊக்கம் எழவில்லை என்பது அவர் கருத்து. மிஷன் பாடசாலைகளிலே சிக்கனத்தைப் பாடமாகக் கற்ற நாம் இதனை எளிதில் நம்பிவிடுவோம். ஆனால் கொழும்புச் செட்டியார் தெரு வேறு கதை சொல்கின்றது.

நாட்டுக்கோட்டைச் செட்டிமார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இங்கு வந்தனர். பிற்காலத்தில் ஆங்கிலேய வங்கிகளிற் கடன் பெற்று, அவ்வங்கிகளை அணுகவியலாத உள்நாட்டு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் வட்டிக்குக் கொடுத்தனர். அவர்தம் முகவர்கள் கிட்டங்கிகளிலே எளிமையாக வாழ்ந்தனர். ஆயினும், கோயிலுக்குரிய மகமையை மிச்சத்திலிருந்து கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தொழிலின் அளவுக்கேற்ப விதிக்கப்பட்ட அதனை, வாடகையைப் போலத் தவறாத செலவாகவே எழுதினர். அங்ஙனம் திரண்ட கோயிற்பணமும் பெட்டியில் உறங்கவில்லை. நம்பிக்கையான கடைகளிலே வட்டிக்கு விடப்பட்டது. பூசையும் விழாவும் நடந்தன. வணிகத்துக்கு முதலும் கிடைத்தது. மகமை தவறாதவனின் நாணயமும் ஓங்கிற்று. சிக்கனமும் ஈகையும் அங்கே பகையல்ல, ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 1925இல் வங்கிகள் கடனைச் சுருக்கியபோது பல கடைகள் தளர்ந்தன. 1948இன் பின் குடியுரிமைக் கட்டுப்பாடுகளாற் பலர் தாயகம் மீண்டனர். கடைகள் மறைந்தும், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் செல்லும் மரபு நிலைத்தது.

யாழ்ப்பாணத்துச் செல்வரிடமும் இம்மனப்பான்மை விளங்கிற்று. பொன்னம்பல முதலியார் 1857இல் கொட்டாஞ்சேனைப் பகுதியில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை, மகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லிலே புதுப்பித்தார். 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இல் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். பின்னையதன் நிலத்திலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. அவ்வழக்கில் வளர்ந்த குடும்பம், பெற்றதைக் குறையாது மக்களுக்குக் கையளிக்கவே சேமிக்கும். அப்பொறுப்பு நன்றே. ஆனால் இன்று வெள்ளவத்தையிலே வசதியுள்ள இல்லங்கள் பலவற்றில் மகளின் தொடர்மாடி வீட்டுக்கும், மணமண்டபத்துக்கும், நகைக்குமே சேமிப்பெல்லாம் கரைகின்றது. சீதனப் பக்கம் நீள்கின்றது. தருமத்தின் பக்கம் வெறுமையாகக் கிடக்கின்றது.

மிச்சம் வரட்டும், பின்பு கொடுப்போம் என்பவர்க்கு மிச்சம் வருவதேயில்லை. இளைஞராகிய நாம் முதற் சம்பளத்திலேயே மகமைக்கென ஒரு வரி எழுதுவோம். ஏழை மாணவன் ஒருவனின் கல்விக்கு அது உதவுமாயின், முன்னோர் தந்த முதுசத்தைக் காத்தவர்கள் ஆவோம்.