இருபத்தைந்து சதத் துண்டு

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளர் 'துண்டு' எடுப்பதற்கு இருபத்தைந்து சதம் கட்டிய காலமொன்று உண்டு என்றால், இன்றைய இளம் பத்திரிகையாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். இலவச மருத்துவம் மகாவலி கங்கையைப் போல என்றும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது அவர்கள் எண்ணம்.

அது கேட்டு வாங்கப்பட்டது. 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் கேகாலை, குருநாகல், கண்டிப் பகுதிகளைச் சூறையாடியது. மாண்டவர் சுமார் 80,000 பேர். மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1931இல், சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தமையால் வைத்தியசாலை கேட்கும் குரலுக்கு வலு இருந்தது. அந்நாளில் கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டு சென்ற இடதுசாரி இளைஞர்களுள் ஒருவர் என்.எம். பெரேரா. பருப்பு வழங்கியதால் மக்கள் அவரைப் 'பருப்பு மாத்தையா' என்றனர். 1936இல் அரசாங்க சபைக்கும் அனுப்பினர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் முற்றாக நீங்கியது.

இருபது ஆண்டுகள் சென்றன. 1971 நவம்பரில், திறைசேரி வறண்டு கிடந்த வேளையில், வெளிநோயாளருக்கு இருபத்தைந்து சதம் விதித்த வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் யார்? அதே என்.எம். பெரேராதான்! அவரைத் துரோகி என்று நான் எழுதமாட்டேன். கையில் காசில்லாத சோசலிஸ்டின் சங்கடம் அது.

அப்போது நான் பள்ளி மாணவன். கண்டிக் கடைவீதியில் என் தந்தையாரின் நண்பர்கள் அந்தக் கட்டணத்தை வரவேற்றுப் பேசியது நினைவிருக்கிறது. தும்மினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடும் கூட்டம் இனிக் குறையும் என்றார்கள். கூட்டம் குறையத்தான் செய்தது. குறைந்தவர்களுள் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து நடந்துவரும் என் அப்பாயியும் ஒருவர். அவருக்கு அது 'தர்மாஸ்பத்திரி'. "தர்மத்துக்கும் காசா தம்பி?" என்று கேட்டார். இருபத்தைந்து சதம் அவரிடம் இல்லாமலில்லை, முந்தானையில் முடிந்திருந்தார். ஆனால் அது அரிசிக்கானது. 1973-74இல் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தபோது அந்த முடிச்சும் வெறுமையாயிற்று. இருமலோடு லயத்திலேயே கிடந்தார்.

கடைவீதிப் பேச்சும் மெல்ல மாறியது. பாணுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை என்றானபின், கட்டணத்தைப் புகழ்ந்த அதே மனிதர்கள் அதைச் சபித்தார்கள். 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை, என்.எம். தாமே எட்டியாந்தோட்டையில் தோற்றார். புதிய அரசு அவ்வாண்டிலேயே கட்டணத்தை நீக்கியது. துண்டுக் கட்டணம் ஒன்றே அத்தோல்விக்குக் காரணம் என்பது மிகை. அந்தத் தீர்ப்பில் அப்பாயிக்குப் பங்கும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய குடியுரிமையைப் பறித்திருந்தது. குடியுரிமை கேளாமல் மருந்து கொடுத்த ஒரே அரசாங்கக் கதவு ஆஸ்பத்திரிதான். இருபத்தைந்து சதத்தின் கனத்தை மெய்யாக அறிந்தவர்கள், அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல உரிமையற்றவர்களாய் இருந்தார்கள்.

2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்த வாரங்களில் கண்டியிலுள்ள ஒரு மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு முதியவள் நின்றாள். ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த துண்டை நீட்டி, விலை கேட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரையில் மூன்று நாளைக்கு மட்டும் தரச் சொன்னாள்.