தூய மேரி தேவாலயம், புனித ஜார்ஜ் கோட்டை

சென்னைக் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்கு அருகே உள்ள ஆலயம். இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது.

கோட்டை எழும்பி நாற்பதாண்டு வரை கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் தனி ஆலயம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலேயே ஜெபம் நடந்தது. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் லண்டன் இயக்குநர்களின் அனுமதிக்குக் காத்திராமல் கோட்டைவாசிகளிடம் சந்தா திரட்டினார். 1678 மார்ச் 25, மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளன்று வேலை தொடங்கியதால் ஆலயத்துக்கு அவள் பெயரே அமைந்தது. 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டை நடந்தது.

கட்டியவர்களின் மனத்தில் கடவுளோடு பீரங்கியும் இருந்திருக்கிறது. சுவர்கள் 4 அடி தடிமன். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி 2 அடி தடிமனில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்த கூரை. 1758–59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த முன்யோசனை பலித்தது. கூரை அசையவில்லை. இப்போதுள்ள ஊசிக்கோபுரம் 1795-இல் எழுப்பப்பட்டது.

ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கற்கள் தனிக் கதை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. அங்கிருந்த கல்லறைகளை லாலியின் வீரர்கள் மறைவிடமாக்கிக் கொண்டார்கள். அந்தத் தொல்லை மறுபடி வேண்டாமென்று முற்றுகைக்குப் பிறகு அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மட்டும் ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்தனர். ஹைதர் அலியுடனான போரில் இதே கற்கள் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போய்த் திரும்பின. லத்தீன், போர்த்துகீசு, ஆர்மேனிய எழுத்துகளும் அவற்றில் உண்டு. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல், இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறைக் கல்லாகக் கருதப்படுகிறது. வளாகத்துக்குள் நுழைபவர் ஆலயத்தைப் பார்க்கும் முன் இந்தக் கற்களைக் குனிந்து பார்ப்பது நல்லது.

பழைய இடுகாட்டில் இடிபடாமல் தப்பியவற்றுள் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸின் கூர்ங்கோபுரக் கல்லறை. அவருடைய விதவை கேத்தரினை எலிஹு யேல் 1680 நவம்பரில் மணந்ததுதான் இந்த ஆலயத்தின் முதல் திருமணம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரையே தாங்குகிறது. இவர்களுடைய மகன் டேவிட் சிறுவயதிலேயே இறந்து, தாயின் முதல் கணவருக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டான். ராபர்ட் கிளைவும் மார்கரெட் மாஸ்கிலினும் 1753-இல் இங்குதான் கைப்பிடித்தனர்.

உள்ளே ஆளுநர் தாமஸ் மன்றோவின் கல்லறை உள்ளது. தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனி எழுப்பிய சலவைக்கல் நினைவுச் சின்னம், சிற்பி ஜான் பேக்கன் இளையவரின் கைவேலை. லுத்தரன் ஒருவருக்கு ஆங்கிலிக்கன் ஆலயத்தில், அதுவும் வணிகக் கம்பெனியின் செலவில் இப்படியொரு மரியாதை என்பது அவர் அரசவைகளில் பெற்றிருந்த நம்பிக்கைக்கு அளவுகோல்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதையடுத்து ஆலயம் அதன் சென்னைப் பேராயத்துக்குள் வந்தது. வழிபாடு இன்றும் நடக்கிறது.