இலவச மடிக்கணினியில் நாம் அழித்த லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நம் மாவட்டத்தில் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் பலரைத் தொடும் செய்தி இது. நாங்கள் புது மடிக்கணினி வாங்குவது குறைவு. சென்னை, பெங்களூரு கம்பெனிகள் சில வருடம் ஓட்டிக் கழித்ததைத் துடைத்து, பேட்டரி மாற்றி விற்பார்களே, அதைத்தான் வாங்குகிறோம். என்னுடையதும் அப்படி வந்ததுதான். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், விலை 16,000 ரூபாய். விசைப்பலகையில் ஓர் எழுத்து தேய்ந்திருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஆனால் விண்டோஸ் 11 இதை ஏற்றுக்கொள்ளாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது நிபந்தனை. 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதன் பிறகு? பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர், “சார், பைபாஸ் பண்ணி 11 ஏத்திடலாம்” என்றார். ஏற்றலாம்தான். அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. “லினக்ஸ் போடு தம்பி” என்றேன். சிரித்துவிட்டார். “ப்ளஸ் டூல லேப்டாப் வாங்கினதும் நாங்க முதல்ல அழிச்சதே அதைத்தானே சார்!”

அவர் சொன்னது உண்மை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லினக்ஸ் 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தமிழக அரசுக்குள் அதைத் துணிந்து கொண்டுவந்தவர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர். 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலில் தம் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பிறகு எல்காட் வழியாக அரசுப் பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் அது வந்தது. அதே காலத்தில் மேல்நிலைக் கணினிப் பாடப் புத்தகத்தில் எம்.எஸ். ஆபீஸுக்குப் பதில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் இதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். “வெளியில் வேலைக்குப் போனால் எம்.எஸ். ஆபீஸ்தானே கேட்பான்?” என்பதே எல்லோர் வாதமும். அதிலும் நியாயம் இருந்தது.

2007 தொடக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதன் சென்னைப் பிரிவின் உழைப்பில், ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யக்கூடியது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டு இலக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள். 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. வன்தட்டு. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன.

இந்த ஸ்டார்ட்டர் ஒரு வேடிக்கையான சரக்கு. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை கையில் முதன்முதலாக ஒரு கணினி கிடைக்கிறது, அதில் தனக்குப் பிடித்த நடிகர் படத்தை வைக்க முடியாது என்றால் பொறுப்பானா? நேராகக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் திருட்டு விண்டோஸ் ‘அல்டிமேட்’ ஏற்றினார். வன்தட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாஸையும் சேர்த்து அழித்தார். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாஸை எப்படித் திறப்பது, எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆசிரியர்களுக்கே யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியைக் கொடுத்ததோடு சரி.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறப் பரிசீலிக்கலாம் என்று தமிழக அரசே சொன்னது. இன்று நாம் நிற்கும் அதே இடத்தில் அன்று அரசு அலுவலகங்கள் நின்றன.

என் கவலை இயந்திரத்தைப் பற்றி மட்டும் அன்று. 1991-92 அறிவொளி இயக்கத்தில் நானும் ஒரு தொண்டன். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நம் மாவட்டப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பல வருடம் கழித்து அந்தப் பெண்கள் சிலரைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதிவந்தேன். கல் குவாரியில் வேலை பார்த்த ஓர் அம்மா, “கையெழுத்துப் போட்ட அன்னைக்குக் கூலி நோட்டை நானே வாங்கிப் படிச்சேன், அதுக்கு முந்தி எத்தனை நாள் குறைச்சானோ” என்றார். அவர் இப்போது இல்லை. நோட்டுகளும் 2018 நவம்பர் கஜா புயலில் ஓடு பறந்த அறையில் நனைந்து கூழாகிவிட்டன. மிஞ்சியது 2004 வாக்கில் நான் தட்டச்சு செய்துவைத்த 112 கோப்புகள்தான்.

அவை பாமினி எழுத்துருவில் உள்ளவை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு நம் எல்லையைத் தாண்டினால் செல்லாது என்பார்கள். பாமினியும் அப்படித்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அரசு 1999-ல் டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. நடுவில் டி.டி.பி. கடைகளில் எழுதப்பட்டவை எத்தனை எத்தனை!

எனவே வரிசையாகச் செய்தோம். முதலில் எல்லாக் கோப்புகளையும் பாமினி எழுத்துருவோடு சேர்த்து இரண்டு வெளி வன்தட்டுகளில் எடுத்தோம். பிறகு லினக்ஸ் மிண்ட் 22-ஐ ஒரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தன. வாங்கும் முன் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போன்ற இந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகே நிறுவினோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 தயாராகவே இருந்தது. எழுத்துருக் கோப்பைப் போட்டதும் லிப்ரே ஆபீஸில் பழைய கோப்புகள் அப்படியே தமிழாகத் திறந்தன. என் மாணவர்தான் என்னைவிட அதிகம் ஆச்சரியப்பட்டார். “இதையா சார் அழிச்சோம்?” என்றார். அன்றைய பாஸ் இவ்வளவு வழுவழுப்பாக இல்லை என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

இப்போது தினம் மாலையில் ஒரு கோப்பைச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் இட்டு யூனிகோடாக்குகிறேன். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த சொற்களையும் அது பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும், ஆகவே வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டியிருக்கிறது. குவாரி அம்மாவின் கோப்பு முடிந்துவிட்டது. இன்னும் 71 பாக்கி. மிண்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு வரும் என்கிறார்கள். அதற்குள் தாராளமாக முடித்துவிடலாம், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.