மணற்சோறு

அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. நாம் எழுதுவது, இடைவேளையில் மரநிழலில் நடந்த சமையலைப் பற்றி.

சிறுமியர் மணலில் சிற்றில் கட்டி விளையாடியதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. புத்தளம் களப்புக் கரையில் நமக்குச் சிரட்டைதான் பானை, மணல்தான் சோறு, பூவரசம் இலைதான் மீன். உப்பளங்கள் அருகிருந்தும் உப்பைப் பொய்யாகவே தூவினோம்.

சின்னப்பிள்ளைக்குச் சமையலில் பெரிது ருசியல்ல, பங்கு. யார் ஆக்குவது, யாருக்கு முதலில், எவ்வளவு என்பதிலேதான் சண்டை வரும். வீட்டில் கண்டதையே விளையாட்டில் வைப்போம். 1970களின் தட்டுப்பாட்டில் மரத்தடியிலும் பாண் வரிசை நின்றது. "முடிஞ்சுது" என்று சொல்பவளே அன்று பெரியவள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்தன. கிடுகுக் குடிசைகளிலிருந்து வந்த பிள்ளைகள் நம் தங்கையருடன் வகுப்பில் அமர்ந்தனர். முதலில் அவர்களுடைய விளையாட்டில் அடுப்பே இல்லை. பெயர் கூப்பிட்டு நிவாரணம் அளந்தார்கள். மாதங்கள் சென்றபின் மூன்று கல் வைத்தார்கள். நம் தங்கையரைச் சாப்பிட அழைத்தார்கள்.

அந்த அடுப்பையும் சேர்த்தே நமது நூறு ஆண்டுகளை எண்ணுகிறோம்.